கூத்துக்குப் பாக்கு வைக்கிற ஊர்கள்

சென்னையிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால், சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "உங்க பக்கம் தெருக்கூத்து இன்னும் இருக்கா?" கேட்கிற குரலிலேயே பாதி துக்க விசாரிப்பு இருக்கும். நான் இருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்வதில்லை. மாசி பிறந்ததிலிருந்து ஆடி முடிகிறவரை ஏதாவது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பத்து மணிக்குமேல், பாலக்கோட்டிலிருந்து பென்னாகரம் பக்கமோ ஊத்தங்கரையிலிருந்து அரூர் பக்கமோ வண்டியில் போய்ப் பாருங்கள் என்பேன். எங்கேயாவது ஒரு ஊரில் டியூப் லைட் கட்டியிருக்கும். மைக்கில் ஆர்மோனியமும், சின்ன நாதஸ்வரம் மாதிரியான முகவீணைக் குழலும் காதைப் பிளக்கும். ரோட்டோரம் பைக்குகள் தாறுமாறாக நிற்கும். இறங்கி நடந்தால் முகத்துக்கு வர்ணம் பூசி முடித்த துச்சாதனன் புளியமரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டு யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருப்பான்.

கூத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இந்தக் கலை இவ்வளவு நாள் பிழைத்துக் கிடப்பதற்குக் காரணம் யாரோ காப்பாற்றியது அல்ல. ஊருக்கு அதனிடம் வேலை இருக்கிறது. மழை வரவில்லை, பாரதம் வை. ஒருவர் செத்துப்போனார், கர்ண மோட்சம் வை. குழந்தை இல்லை, கூத்தில் அர்ஜுனன் தபசுக்கு ஏறுகிற மரத்தடிக்குப் போ. இப்படி ஏதாவது ஒரு தேவையோடுதான் ஊர்க்காரர்கள் கூத்து வாத்தியார் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துவிட்டு வருகிறார்கள். "ஒரு நல்ல கலை நிகழ்ச்சி பார்ப்போம்" என்று எந்த ஊரும் பாக்கு வைத்து நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் அதில் அழகு முக்கியமில்லையா என்று கேட்பீர்கள். அதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். தேவைக்காக வைக்கிற கூத்தில்தான் அழகு கூடுதலாக இருக்கிறது என்பது என் அனுபவம். வேண்டுதலுக்குச் செய்வதை அரைகுறையாகச் செய்ய முடியாது. சாமி கேட்கும், ஊரும் கேட்கும்.

வேஷம் கட்டுகிற இடத்தில் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? ஆட்டம் பார்ப்பதைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். பள்ளிக்கூடத்துத் தாழ்வாரமோ, யார் வீட்டு மாட்டுக்கொட்டகையோ, தென்னங்கீற்றால் மறைத்த ஒரு மூலையோ போதும். தரையில் ஒரு கோரைப்பாய். அதில் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு கையில் உடைந்த கண்ணாடித் துண்டும் மறுகையில் ஈர்க்குச்சியுமாக, அவரவர் முகத்தை அவரவர்தான் எழுதுகிறார்கள். முதலில் தேங்காய் எண்ணெய். அதன்மேல் அரிதாரம். கிருஷ்ணனுக்குப் பச்சை. புருவத்துக்கும் மீசைக்கும் மை. அப்புறம் கன்னத்திலும் நெற்றியிலும் முத்துவெள்ளையால் சின்னச் சின்னப் புள்ளிகள், வரிசை பிசகாமல். இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி வரவேண்டும். வராவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிற ஜனத்துக்கு அந்தப் புள்ளி தெரியவே தெரியாது. ஒரு முறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம், "யாருக்குண்ணா தெரியப் போவுது?" என்று கேட்டேன். குச்சியை எடுக்காமலே, "எனக்குத் தெரியுமில்ல கண்ணு" என்றார்.

அப்புறம் கட்டைகள். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. கனம் இல்லாத மரம், அதனால்தான் அது. அதன்மேல் ஜிகினாத்தாள், கண்ணாடிச் சில்லு, கலர் கலராக மணி. பகலில் கையில் வாங்கிப் பார்த்தால் ஜிகினா உரிந்து, பசை தெரிந்து, இதையா போட்டுக்கொண்டு ராஜாவானார் என்று இருக்கும். ராத்திரி விளக்கில் அந்தக் கண்ணாடிச் சில்லுகள் கிறுகிறுவென்று சுற்றும்போது நிலைமையே வேறு. கனம் இல்லாத மரம் என்றேனே, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் பாவாடையையும் சுற்றி முடித்தால் அது லேசான கனமா என்ன? அதோடு விடிய விடியக் கிறுக்கி என்கிற சுழல் ஆட்டம் சுற்ற வேண்டும், பாடவும் வேண்டும்.

வயதான ஆட்டக்காரர்கள் பலருக்குப் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். எங்கள் மண்ணின் கிணற்றுத் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு போட்ட கோடு அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துத் தண்ணீர் 2013-இல்தான் வர ஆரம்பித்தது, அதற்கு முந்தின தலைமுறைக்கு அது அழியாது. இவ்வளவு ஜொலிப்புக்கு நடுவே அர்ஜுனன் வாயைத் திறந்து சிரித்தால் எங்கள் ஊர்த் தண்ணீர் தெரியும். எனக்கு அது ஒரு குறையாகப் பட்டதே இல்லை. சொல்லப்போனால் அர்ஜுனன் எங்கள் ஆள்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

கர்ண மோட்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கம் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைக்கிற பழக்கம் உண்டு. செத்தவர் கர்ணனோடு சேர்ந்து மோட்சம் போவார் என்பது நம்பிக்கை. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பதினேழாம் நாள் போருக்குக் கர்ணன் கிளம்புகிறான். பெண்டாட்டி பொன்னுருவி கெட்ட கனவு கண்டேன், போகவேண்டாம் என்று மறிக்கிறாள். அவன் கேட்காமல் போகிறான், விழுகிறான். கிருஷ்ணன் கிழப் பிராமணனாக வந்து அவன் புண்ணியத்தையெல்லாம் தானமாகக் கேட்டு வாங்குகிறான். குந்தி மடியில் போட்டு அழுகிறாள். விடிகிற நேரத்துக்கு மோட்சம். இதில் பொன்னுருவியும் கர்ணனும் மாற்றி மாற்றிப் பாடுகிற இடம்தான் உயிர். நல்ல செட்டாக, அதாவது நல்ல கூத்துக் குழுவாக இருந்தால் அந்த ஒரு இடத்தையே மணிக்கணக்காக இழுப்பார்கள், ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

என் பெரியப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். இங்கிருந்து எத்தனையோ பேர் போகிற மாதிரிதான். கடைசியாகப் போனபோது உடம்பு சரியில்லை. காய்ச்சல் விட்டு நாலு நாள் இருந்துவிட்டுப் போ என்று பெரியம்மா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். மேஸ்திரியிடம் வாங்கின முன்பணம் இருந்தது, போய்விட்டார். வேனில்தான் திரும்பி வந்தார். பெரியம்மா அழவில்லை. அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். ஊர்ப் பெண்கள் அதைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

காரியத்துக்கு முந்தின ராத்திரி வீட்டுக்கு முன்னாலேயே களரி, அதாவது கூத்தாடுகிற இடம். பெரியம்மாவை வாசற்படியில் பாய் போட்டு உட்கார வைத்திருந்தோம். பொன்னுருவி கண்ட கனவை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறாள், கர்ணன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டே கிறுக்கி சுற்றுகிறான். திடீரென்று பெரியம்மா எழுந்து நின்று, "அவதான் கனாக் கண்டேன் போவாதன்னு சொல்றாளே, காதுல வாங்குறானா பாரு! காதுல வாங்குறானா பாரு!" என்று கத்தினார். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். யாரைத் திட்டுகிறார் என்று எங்களில் தெரியாதவர் யாரும் இல்லை. மிருதங்கக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

கர்ணன் கட்டியிருந்தவர் அந்தத் தொழிலில் பழுத்தவர். ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் பொன்னுருவியை விட்டுவிட்டு நேரே வாசற்படியைப் பார்த்து வந்து, கிரீடத்தோடு தலையைத் தாழ்த்திக் கையெடுத்துக் கும்பிட்டு, வசனமாகச் சொன்னார்: "தாயே, உண்ட சோற்றுக்குக் கடன் இருக்கிறது. போகாமல் இருந்தால் இந்த உலகம் என்னை ஆண்பிள்ளை என்று சொல்லுமா? ஆனாலும் தாயே, உன் சொல்லைத் தட்டிவிட்டுப் போகிறேனே, அந்தப் பிழையைப் பொறுக்க வேண்டும்." எந்த நோட்டுப் புத்தகத்திலும் இல்லாத வசனம். பெரியம்மா அவரைப் பார்த்தபடியே நின்றார். "சரி... போ" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். விடியும்வரை அழுதார். யாரும் தடுக்கவில்லை.

அந்த ராத்திரி பெரியப்பா மோட்சம் போனாரா என்று எனக்குத் தெரியாது. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறைதான், தேவைப்படும்போது வரும், அப்புறம் போய்விடும். ஆனால் பெரியம்மா அன்றைக்குத்தான் அவருக்கு விடை கொடுத்தார் என்பதை என் கண்ணால் பார்த்தேன். அதை எந்த டாக்டரும், எந்தச் சொந்தக்காரரும் செய்து கொடுத்திருக்க முடியாது. கன்னத்தில் புள்ளி பிசகாமல் வைக்கத் தெரிந்த ஒருவர்தான் அதைச் செய்தார். இந்த இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி எழுதி, எம்.எஸ். சுப்புலட்சுமி பாடி ஊர் உலகமெல்லாம் கேட்ட பாட்டு 'குறை ஒன்றும் இல்லை'. எங்கள் மாவட்டத்துக்காரர் எழுதிய பாட்டு என்று எனக்கும் பெருமைதான். எத்தனையோ காலை நேரங்களில் டீக்கடையில் அதைக் கேட்டு நின்றிருக்கிறேன். அது ஒரு வகை பக்தி. எல்லாம் பார்த்துக் கேட்டு முடித்த ஒருவர் கடைசியில் வந்து சேர்கிற இடம். ஆனால் அதே மண்ணின் கூத்தில் பாஞ்சாலிக்குக் குறையைத் தவிர வேறு எதுவும் இல்லை. புருஷன்மாரைத் திட்டுகிறாள், சபையில் இருக்கிற பெரியவர்களைப் பேர் சொல்லித் திட்டுகிறாள், கிருஷ்ணனையும் விடுவதில்லை, "நீ எங்கே போய்த் தொலைந்தாய்" என்கிற ரீதியில் விருத்தம் விருத்தமாகப் போகும். கேட்டுக்கொண்டிருக்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். பாதிப் பேருக்கு அவரவர் சபையும் அவரவர் துச்சாதனனும் ஞாபகம் வந்திருக்கும். எனக்கு இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் பாஞ்சாலியைத்தான் வைத்துக்கொள்வேன். குறையை உரக்கச் சொல்ல ஓர் இடம் கிடைத்தால்தான் நாளைக்கு எழுந்து வேலைக்குப் போகிற தெம்பு வரும்.

மழைக்கு வருவோம். எங்களுடையது காய்ந்த பூமி. ராகியும் சாமையும் புளியும் மாவும்தான் தாங்கும். மழை பொய்த்தால் விராட பருவம் படிப்பது தமிழ்நாட்டில் பல ஊர்களில் உள்ள வழக்கம், இங்கேயும் அது பலம். பாரதம் வைக்கிற ஊரில் பகலில் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பாடி அர்த்தம் சொல்வார், அதே கதை ராத்திரி கூத்தாக வரும். விராட பருவத்தில், துரியோதனன் ஆட்கள் கவர்ந்த மாடுகளை அர்ஜுனன் மீட்கிற மாடுபிடிச் சண்டைக்கு நிஜ மாடுகளையே ஓட்டிக்கொண்டு வந்து ஊரையே கலவரமாக்கிவிடுவார்கள். மாடு மிரண்டு துரியோதனன் பாவாடை கிழிந்தால் அதற்குத் தனியாகக் கைதட்டல் உண்டு.

இந்த மாடுபிடிச் சண்டைமேல் எங்கள் ஆட்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்பதற்கு எனக்கு ஓர் ஊகம் உண்டு. தருமபுரிக்கு அந்தக் காலத்துப் பேர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர், அவ்வையார் வந்து தங்கின ஊர். இங்கே மாடு கவர்ந்தவனோடு சண்டை போட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டுக் கும்பிடுவது பல நூற்றாண்டு வழக்கம். வட்டெழுத்து வெட்டிய நடுகற்கள் இந்தப் பக்கம் நிறைய. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், பார்க்காதவர்கள் ஒரு தரம் போய்ப் பாருங்கள். கையில் வில், அம்பு தைத்த உடம்பு, காலடியில் மாடு. கொஞ்சம் தள்ளித் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது, பல்லவன் மகேந்திரவர்மன் காலத்துக் கல். அதில் வீரன் பக்கத்தில் நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அந்த நாய்க்குப் பேர்கூட வெட்டி வைத்திருக்கிறார்கள், இரண்டு திருடர்களைக் கடித்துக் காத்து நின்றதாம். அப்படிப்பட்ட ஜனத்துக்கு விராட பருவம் பிடிக்காமல் எப்படி இருக்கும்? மாட்டை மீட்கப் போன தங்கள் பாட்டன் கதையைத்தான் அர்ஜுனன் பேரில் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

நடுகல் பேச்சு வந்ததால் ஒன்று. அதியமான் செத்தபின் அவனுக்கு நட்ட கல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் கள்ளை ஊற்றிப் படைத்தார்கள். மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வேண்டாம் என்றவன் இந்தத் துளிக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்று அவ்வையார் புறநானூற்றில் கேட்கிறார். இன்றைக்கும் இந்த மாவட்டங்களில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பேரில் சாமியாக நிற்கின்றன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எண்ணெய் விட்டு, கிடா வெட்டி, பொங்கல் வைக்கிறார்கள். கல்வெட்டுப் படிக்கிறவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். எண்ணெயும் குங்குமமும் ஏறி எழுத்து மறைந்துபோகிறதே என்று அவர்களுக்கு வயிற்றெரிச்சல், அது நியாயம்தான். ஆனால் யாரும் கும்பிடாத கல்லின் கதி என்ன? துணி துவைக்க, வாய்க்காலுக்குக் குறுக்கே போட, வீட்டுக்குப் படியாக வைக்க. கும்பிட்டதால் எழுத்து மங்கிய கல் பிழைத்திருக்கிறது. கும்பிடாத கல் இருந்த இடமே தெரியவில்லை. கூத்துக்கும் இதே கணக்குதான் என்று நினைக்கிறேன்.

ஒரு முறை அரசு விழா ஒன்றில் எங்கள் பக்கத்துச் செட்டு ஆடியதைப் பார்க்கப் போனேன். எந்த ஊர், எந்த விழா என்பது வேண்டாம். பெரிய மேடை, நல்ல விளக்கு, பாட்டு முடிந்ததும் பொன்னாடை. பதினைந்து நிமிஷம் கொடுத்தார்கள். திரை பிடித்து, திரைக்குப் பின்னாலிருந்து விருத்தம் பாடி, திரைக்குமேலே முதலில் கிரீடத்தின் நுனியை மட்டும் காட்டி, ஜனத்தைக் காக்க வைத்துக் காக்க வைத்து வெளியே வருவதற்கே எங்கள் துரியோதனனுக்கு அரை மணி பிடிக்கும். அங்கே அவர் திரையை விட்டு வந்து இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் கீழேயிருந்து கையைக் காட்டிவிட்டார்கள். அடுத்தது கரகம். வந்திருந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வேஷம் அதேதான், பாட்டும் அதேதான், ஆளும் அவரேதான். ஆனால் அங்கே யாருக்கும் அவரிடம் கேட்க ஒன்றும் இல்லை, அவருக்கும் கொடுக்க ஒன்றும் இல்லை. கூலி கிடைத்ததே என்று செட்டில் சந்தோஷப்பட்டார்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மழைக்காலத்தில் ஆட்டம் இருக்காது, அப்போது அடுப்பு எரிய வேண்டுமே.

நம்பிக்கை, வேண்டுதல் என்று ரொம்ப உருகிவிடவும் கூடாது. அர்ஜுனன் தபசை எடுத்துக்கொள்ளுங்கள். வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு பனைமரத்தை நட்டு, ஏணிப்படி அடித்து, அர்ஜுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறார். மேலேயிருந்து ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் பாடி, வில்வமும் எலுமிச்சம்பழமும் வீசுகிறார். கீழே குழந்தை வேண்டுகிற பெண்கள் குளித்த ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்கிறார்கள். பழம் மடியில் விழுந்தவளின் முகத்தைப் பார்த்தால் நமக்கே தொண்டை அடைக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் ஈரவேட்டியோடு ஒரே ஓர் ஆண்கூட அந்த மரத்தடியில் வந்து நின்று நான் பார்த்ததில்லை. குழந்தை இல்லாததற்கு அவன் காரணமாக இருக்கவே முடியாதா? இதை ஒரு கட்டியக்காரன், கூத்தில் கோமாளியாக வருகிறவன், களரியிலேயே கேட்டுவிட்டான், "ஏம்ப்பா மாப்பிள்ளைங்களா, எலுமிச்சம்பழத்தை அவ மட்டும் சாப்பிட்டா போதுமா?" என்று. பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. கட்டியக்காரனுக்குத்தான் அந்த உரிமை உண்டு. நானோ நீங்களோ கேட்டால் அடி விழும்.

இன்னொன்று சிரிப்பாகச் சொல்கிற விஷயம் இல்லை. ஊர் கூடிச் செய்வது என்கிறோமே, அந்த ஊர் யார் யார்? பறை அடித்து ஊரை எழுப்புகிறவர்கள் கோயில் வாசலைத் தாண்டக்கூடாது என்கிற ஊர்கள் இன்னும் இருக்கின்றன. கூத்துச் செலவுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கிற தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவது, யாரிடம் வாங்காமல் இருப்பது என்பதிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. "வரி வேண்டாம்" என்று சொல்வது கருணை இல்லை, "நீ ஊரில் சேர்த்தி இல்லை" என்று சொல்வது. அழகைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதினால் அது பொய். சில ஊர்களில் இளவட்டங்கள் எல்லாத் தெருவிலும் வரி வாங்க வேண்டும் என்று சண்டை பிடித்து வாங்க வைத்திருக்கிறார்கள். வரி கொடுக்கச் சண்டை போடுவது வேறு எந்த விஷயத்தில் நடக்கும்?

பாரதம் வைக்கிற ஊரில் கடைசி நாள் படுகளம், துரியோதனன் விழுகிற போர்க்களம். தரையில் மல்லாந்து கிடக்கிற துரியோதனனை மண்ணால் செய்கிறார்கள், தலையிலிருந்து கால்வரை நடந்து போகிற அளவுக்கு நீளமாக. இதைச் செய்கிறவர்கள் முந்தின நாளே ஆரம்பித்து ராத்திரியெல்லாம் மண் குழைக்கிறார்கள். கண், மூக்கு, மீசை, விரல் நகம், மார்பில் பதக்கம், எல்லாவற்றுக்கும் வர்ணம். ஒரு பெரியவர் கால்விரல் ஒவ்வொன்றுக்கும் மெட்டி மாதிரி ஏதோ வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தார். ராஜாவாயிற்றே, வெறுங்காலோடு விடலாமா என்றார். பகலில் வேஷக்காரர்கள் வந்து அந்த உருவத்தின்மேலேயே ஏறி ஆடுகிறார்கள். பீமன் தொடையில் அடிக்கிறான், உள்ளே புதைத்து வைத்த சட்டி உடைந்து சிவப்புத் தண்ணீர் பீறிடுகிறது, பாஞ்சாலி அதைத் தொட்டுக் கூந்தலை முடிகிறாள். அடுத்த நிமிஷம் ஜனம் பாய்ந்து மண்ணை அள்ளுகிறது. நெல் கொட்டுகிற இடத்தில் போட, நிலத்தில் தூவ, தொட்டில் கட்டுகிற இடத்தில் முடிந்து வைக்க. சாயங்காலம் தீமிதிக்கு எல்லாரும் போனபின் பார்த்தால் அங்கே ஒரு பள்ளம் இருக்கும். மெட்டி போட்ட பெரியவரிடம், கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "அள்ளாம விட்டாத்தான் கஷ்டம்" என்றார்.

இளைஞர்களைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஓசூர் சிப்காட்டில் நைட் ஷிப்ட் பார்க்கிற எங்கள் ஊர்ப் பையன்கள் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு என்ன கேட்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? யூடியூபில் கூத்து முழு ராத்திரிப் பதிவாகக் கிடக்கிறது, ஏழு மணி நேரம், எட்டு மணி நேரம். ஷிப்டுக்குச் சரியாக இருக்கிறது என்கிறார்கள். கீழே கமெண்டில் எந்தச் செட்டு பாஞ்சாலி உசத்தி என்று அடிதடி. பெங்களூரில் மேஸ்திரி வேலை பார்க்கிறவர்கள் வாட்ஸாப்பில் குழு வைத்துப் பணம் சேர்த்துத் தங்கள் ஊருக்குக் கூடுதலாக ஒரு ராத்திரி வைக்கிறார்கள். கேமராவும் எல்இடி திரையும் வந்து கூத்தைக் கெடுத்துவிட்டன என்று பழைய ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கு மட்டும்தான் ரொம்ப ஓவர். கண்ணாடிச் சில்லுக்கு மங்கின வெளிச்சம்தான் அழகு, இந்த வெள்ளை வெளிச்சத்தில் ஒட்டின பசைதான் தெரிகிறது.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. பார்க்க ஆள் இருக்கிறது, ஆடவும் ஓரளவு ஆள் வருகிறது, முகவீணை ஊத ஆள் குறைந்துகொண்டே போகிறது. மூச்சு விடாமல் ராத்திரி முழுக்க ஊதுவதற்குச் சின்ன வயதிலேயே பழக வேண்டும். இப்போது பல செட்டுகளில் கீபோர்டு வந்துவிட்டது. கீபோர்டில் எல்லாச் சுரமும் வரும், அந்த அழுகை வராது. இதற்கு யாராவது உதவி செய்ய விரும்பினால் மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துவதை விட்டுவிட்டு, ஒரு முகவீணைக்காரரிடம் இரண்டு பிள்ளைகளை அனுப்பி, அவர்கள் கற்று முடிகிறவரை அவருக்கும் அவர்களுக்கும் மாசாமாசம் சோற்றுக்கு வழி பண்ணுங்கள். அது போதும், மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும்.

பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிக்கெட் கிடையாது, யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். போர்வை கொண்டு வாருங்கள், ஒரு மணிக்குமேல் குளிரும், ஓசூர்ப் பக்கம் என்றால் நடுங்கும். பாய் விரித்து முன்னால் உட்காருங்கள், ஆனால் நடுவழியை விட்டு உட்காருங்கள், வேஷம் அந்த வழியாகத்தான் ஓடி வரும். தூக்கம் வந்தால் தூங்குங்கள், தப்பில்லை, முக்கியமான இடத்தில் பக்கத்துப் பாட்டி தட்டி எழுப்பிவிடும். வேஷம் கட்டுகிற இடத்துக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். காரிய வீட்டுக் கூத்து என்றால் போட்டோ எடுக்காதீர்கள். யாருக்காவது அன்பளிப்புக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். மைக்கில் பேர் சொல்லி வாழ்த்துவார்கள். பேரையும் ஊரையும் தெளிவாகச் சொல்லிவிட்டுக் கொடுங்கள். சென்னை என்று மட்டும் கட்டியக்காரன் காதில் விழுந்துவிட்டால் விடியும்வரை உங்களை விடமாட்டான்.